பிள்ளையின் குற்றமா, வீட்டின் நெருக்கமா?

சில மாதங்களுக்கு முன், ஒரு மாலைப் பூசை முடிந்து கோவிற் கதவை அடைக்கும் நேரத்தில் ஒரு தாய் தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். "பாதர், இவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேணும். சொல்லுக் கேட்கிறானில்லை. தங்கச்சிக்கு அடிக்கிறான். புத்தகத்தைத் தொடுகிறானில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தும் முறைப்பாடு. பொழுதுபட்டால் வீட்டில் நிற்கிறானில்லை" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பையன் தலையைக் குனிந்தபடி கால் விரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

நான் குருவானவர் செய்ய வேண்டியதைச் செய்தேன். நான்காம் கட்டளையை நினைவூட்டினேன். தாய் தந்தையை மதித்து நடக்க வேண்டும் என்றேன். அவனும் தலையாட்டினான். ஆசீர்வதித்து அனுப்பிவிட்டு, ஒரு கடமை முடிந்தது என்ற திருப்தியோடு அறைக்குத் திரும்பினேன்.

இரு வாரங்களின் பின் அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. கிண்ணியாப் பாலத்தைக் கடந்து சற்றுத் தூரம் போனால் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் வாடகை வீடு அது. ஓர் அறை, ஒரு விறாந்தை, பின்பக்கம் தகரத்தால் இறக்கிய குசினி. அதற்குள் எட்டுப் பேர். தாய், தந்தை, மூன்று பிள்ளைகள், நோயுற்ற அம்மம்மா, கணவனை இழந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்த சித்தி. இரவு எட்டு மணி. அறையில் குழந்தை அழுதது. விறாந்தையில் தொலைக்காட்சி ஓடியது. குசினியிலிருந்து புகை வந்தது. பையன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "நீ எங்கே இருந்து படிப்பாய் மகன்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. திரும்பி வீட்டுக்குள் சுற்றிப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் விரலால் காட்டக்கூடிய ஓர் இடம் அங்கே இருக்கவில்லை.

அன்றிரவு பாலத்தின் மேலாகத் திரும்பி வரும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன புத்திமதி சரியானதுதான். ஆனால் அதை ஏற்று நடக்க அவனுக்கு இடம் இருந்ததா? இடம் என்று நான் சொல்வது உவமை அன்று. நீளமும் அகலமும் உள்ள, பாய் விரிக்கக்கூடிய இடத்தைத்தான் சொல்கிறேன்.

நெருக்கம் எப்படி வந்தது?

கிண்ணியாவை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். திருகோணமலைக்குத் தெற்கே, தம்பலகாமக் குடாவுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் இடையே அமைந்த ஊர் இது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை நகரத்திலிருந்து இங்கு வருவோர் படகுப்பாதைக்குக் காத்துக் கிடந்தார்கள். பெரும்பான்மையோர் முஸ்லிம் சகோதரர்கள். ஆலங்கேணி, ஈச்சந்தீவு போன்ற தமிழ்க் கிராமங்களும் அயலில் உண்டு. வயல், கடல், வியாபாரம் ஆகியவற்றை நம்பி வாழும் உழைப்பாளி மக்கள். நீர் சூழ்ந்த ஊராதலால் குடியிருக்கும் தரை நினைத்தபடி விரிவதில்லை. குடும்பங்களோ பெருகுகின்றன.

எமது கிழக்குக் கரையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் உண்டென்பதை யாவரும் அறிவர். நல்ல நோக்கத்தில் எழுந்த வழக்கம் அது. மணமாகும் மகள் வேறொரு வீட்டில் அந்நியப்பட்டுப் போகாமல், தாயின் அருகிலேயே பாதுகாப்பாக இருக்கிறாள். ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அதே வளவில் ஒரு சிறு கொட்டில் போட்டு ஒதுங்குகிறார்கள். இரண்டாமவளுக்கு மீதி வளவு. மூன்றாமவளுக்கு அந்தக் கொட்டிலும் போகிறது. ஒரு தலைமுறையில் மாமரமும் கிணறும் முற்றமுமாக இருந்த வளவு, அடுத்த தலைமுறையில் சுவரோடு சுவர் முட்டும் நான்கு வீடுகளாகிவிடுகிறது.

இதன்மேல் வந்து விழுந்தவை போரும் கடலும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது கிண்ணியாவின் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. வைத்தியசாலையும் அதற்குத் தப்பவில்லை. அதன்பின் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என 2005இல் தடை வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டபோதும், காணி தேடிக் குடும்பங்கள் காத்திருந்த காலம் திரும்பி வரவில்லை. அக்காலத்தில் நாடெங்கும் கொடுக்கப்பட்ட தற்காலிகக் கொட்டில்களின் அளவு 200 சதுர அடி. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு 40 சதுர அடி. பாயொன்று விரித்து, பாத்திரமும் உடுப்பும் வைத்தால் மிஞ்சுவது என்ன? உயிர் தப்பியவர்களுக்கு அவசரத்துக்கு அது போதும். மாதங்கள் வருடங்களானபோது அதுவே பிள்ளைகளின் வீடாயிற்று.

கிண்ணியாவைத் தாண்டி மூதூர்ப் பக்கம் போனால் இன்னொரு கதை. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தன. 2015இலும் 2016இலும்தான் அவர்களது காணிகள் விடுவிக்கப்பட்டன. இடம்பெயர்ந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு, சொந்த மண்ணைக் கண்டபோது ஒன்பது பத்து வயது. அந்த வயதுக்குள்ளேதான் ஒரு பிள்ளை பேசவும், பகிரவும், பொறுக்கவும், வெட்கப்படவும் கற்றுக்கொள்கிறது. இவையெல்லாவற்றையும் அப்பிள்ளைகள் தகரத் தடுப்புக்குள், பக்கத்துக் குடும்பத்தின் சண்டையையும் இருமலையும் கேட்டபடி கற்றார்கள்.

பிள்ளைக்குள் நடப்பது

நெருக்கம் பிள்ளையை என்ன செய்கிறது என்பதை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க அறிஞர் கெரி எவன்ஸ் என்பவர் இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, புனே நகரில் 10 முதல் 12 வயதான தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளைப் பற்றிச் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. நெருக்கமான வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் அதிகம் குழப்படி செய்தார்கள். படிப்பில் பின்தங்கினார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்தது. பெண்பிள்ளைகளிடம் வேறொன்று தெரிந்தது. ஒரு காரியத்தில் தோற்றால் மீண்டும் முயலாமல் விட்டுவிடும் சோர்வு அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

இதில் நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்று. பிள்ளையைப் பாதித்தது சுவர் மட்டுமன்று. நெருக்கத்தில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே பிணக்கு மிகுந்தது. அந்தப் பிணக்கு வழியாகவே பாதிப்பின் பெரும்பங்கு பிள்ளையைச் சென்றடைந்தது. அதே அறிஞர் 1999இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நெருக்கமான வீடுகளில் பெற்றோர் குழந்தைகளோடு குறைவாகவும் எளிய சொற்களிலுமே பேசுகிறார்கள் என்று காட்டியது. எங்கும் ஆள், எங்கும் சத்தம் என்றிருக்கும்போது மனிதர் தம்மைத் தாமே ஆமைபோல் உள்ளிழுத்துக்கொள்கிறார்கள். குழந்தை கேட்கும் கேள்வியும் இன்னொரு சத்தமாகத்தான் காதில் விழுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வீடும் சுகாதாரமும் பற்றிய தன் வழிகாட்டலில், வீட்டு நெருக்கத்தைக் குறைக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டது.

ஆய்வில்லாமலே நமக்கும் இது தெரியும். பெரியவர்கள் படுக்கும்வரை பிள்ளைக்கு நித்திரை இல்லை. நித்திரை குறைந்த பிள்ளை காலையில் சினக்கிறது. சினந்த பிள்ளைக்கு அடி விழுகிறது. அடி வாங்கிய பிள்ளை தன்னிலும் சிறியதற்கு அடிக்கிறது. எரிச்சல் இப்படி மேலிருந்து கீழே இறங்கி, ஈற்றில் பேசத் தெரியாத கைக்குழந்தையிடம் போய்ச் சேர்கிறது. உடுப்பு மாற்ற ஒரு மறைவு இல்லாமல் வயதுக்கு வரும் பெண்பிள்ளை படும் அவஸ்தையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. கேட்கக்கூடாததைக் கேட்டும், பார்க்கக்கூடாததைப் பார்த்தும் வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பவனுக்குத் தெரியும். அதற்குமேல் நான் சொல்லலாகாது.

"நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்"

இதைப் பங்குக் கூட்டமொன்றில் பேசியபோது ஒரு பெரியவர் எழுந்து, "பாதர், நாங்கள் பத்துப் பிள்ளைகள் ஒரே ஓலை வீட்டில் வளர்ந்தவர்கள். நாங்கள் கெட்டா போனோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலர் தலையாட்டினார்கள்.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "ஐயா, பகலில் எங்கே இருந்தீர்கள்?" அவர் சிரித்துவிட்டார். "வீட்டில் யார் இருந்தது? கடற்கரையில், வயலில், மாமரத்தில்" என்றார். அவருக்கு வீடு என்பது மழைக்கும் நித்திரைக்கும் மட்டுமே. வளவும் கரையும் கோவில் முற்றமும் சேர்ந்ததுதான் அவரது வீடு. எந்தப் படலைக்குள் நுழைந்தாலும் ஒரு மாமி தண்ணீர் கொடுப்பார், ஒரு பெரியப்பா காதைத் திருகுவார். இன்றைய பிள்ளைக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், மாமரம் இல்லை. போர்க்காலத்தில் பயத்தால் அடைத்த படலைகளை நாம் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. ஆகவே ஓலை வீட்டையும் இன்றைய ஓர் அறை வீட்டையும் ஒன்றென்று எண்ணுவது தவறு. அக்காலத்திலும் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. கெட்டவர்களையும் நொந்தவர்களையும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

பக்தியுள்ள ஒருவர் வேறொரு நியாயம் சொன்னார். லூர்து நகரின் பெர்னதெத் 1858இல் அன்னையின் காட்சியைக் கண்டபோது அவரது குடும்பத்தினர் ஆறு பேரும் ஒரே அறையில்தானே வாழ்ந்தார்கள்? உண்மை. அந்த அறை ஒரு பழைய சிறைக்கூடம். கைதிகளை வைப்பதற்கே தகுதியற்றதென்று கைவிடப்பட்ட இடம். இறைவனின் அருளுக்குச் சுவர் தடையன்று என்பதற்கு அது சான்று. ஆனால் கைதிக்கு ஆகாத அறை பிள்ளைக்கு ஆகும் என்பதற்கு அது சான்றாகாது. அந்தச் சிறுமி காட்சி கண்ட இடம் அறைக்குள்ளே அன்று, விறகு பொறுக்கப் போன ஆற்றங்கரையில் என்பதையும் மறக்கலாகாது.

குற்றம் யாருடையது?

இப்போது அறநெறிக் கேள்விக்கு வருவோம். நெருக்கமான வீட்டுப் பிள்ளை செய்யும் தவறுக்கு யார் பொறுப்பு?

இரண்டு தவறான விடைகள் உண்டு. ஒன்று, "எல்லாம் சூழ்நிலை, பிள்ளையைக் குறை சொல்லாதே" என்பது. இது இரக்கம் போலத் தோன்றினாலும் பிள்ளையைச் சிறுமைப்படுத்துகிறது. கூட்டில் அடைத்த கோழி ஒன்றையொன்று கொத்தும். அதற்கு வேறு வழி இல்லை. பிள்ளைக்கோ சுயாதீனம் உண்டு. அதே வீட்டில் தன் சோற்றில் பாதியைத் தம்பிக்குக் கொடுக்கும் பிள்ளையையும் நான் கண்டிருக்கிறேன். இடமின்மை அந்த அன்பை அணைத்துவிடவில்லை.

மற்றது, "மனம் இருந்தால் எங்கும் நல்லவனாயிருக்கலாம்" என்பது. வசதியுள்ளவர்கள் விரும்பும் விடை இது. திருச்சபையின் போதனை இதை ஏற்பதில்லை. பாரதூரமான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்பது நாம் சிறுவயதில் மனனம் செய்த பாடம். பயம், பழக்கம், சமூகக் காரணங்கள் ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகிறது. நல்வாழ்வுக்கு முதன்மையாக வேண்டியது புண்ணியம் என்று சொன்ன புனித தோமஸ் அக்குவினாஸ், புண்ணியத்தைக் கடைப்பிடிக்க உடலுக்குத் தேவையானவை ஓரளவேனும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். குறைந்த பொறுப்பு என்பதால் தவறு சரியாகிவிடாது. ஆனால் பிள்ளையின் தோளிலிருந்து இறங்கும் பொறுப்பு காற்றில் கரைந்துவிடுவதுமில்லை. அது நம் தோள்களில் வந்து ஏறுகிறது.

இன்னும் ஆழமான ஒன்று உண்டு. மனச்சாட்சி என்பது மனிதனின் மிக அந்தரங்கமான இடம், அவன் இறைவனோடு தனித்திருக்கும் ஆலயம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. செபிக்கும்போது உன் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொள் என்று யேசு சொன்னதையும் நாம் அறிவோம். இதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அறையும் கதவும் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று அந்த இரவுவரை நான் எண்ணியதில்லை. தான் செய்ததைத் தானே நினைத்துப் பார்க்க ஒரு பிள்ளைக்குக் கொஞ்ச நேரத் தனிமை வேண்டும். ஓயாமல் பிறர் கண்ணில் படும் பிள்ளை, பிடிபடாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. வருந்தக் கற்றுக்கொள்வதற்கு அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. யேசுவும்கூடக் கப்பர்நாகூமில் வாசலெல்லாம் சனம் நிறைந்த மறுநாள், இருள் விலகுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் செபித்தார். ஆண்டவர் தேடிய தனிமையைப் பிள்ளை தேடினால் அதைக் குழப்படி என்கிறோம். பொழுதுபட்டால் வீட்டில் நிற்கிறானில்லை என்ற அந்தத் தாயின் முறைப்பாட்டில், அவன் ஓர் இடம் தேடுகிறான் என்ற செய்தியும் இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

வீட்டுப் பிரச்சினை பெரியது. வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக 1987ஐ அனுசரிக்கும் யோசனையை 1980இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்தவரே அன்றைய இலங்கைப் பிரதமர் பிரேமதாசா அவர்கள்தான். அந்த ஆண்டின் முடிவில் வத்திக்கானின் நீதி சமாதான ஆணைக்குழு, வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய் என்று நம் ஒவ்வொருவரையும் கேட்கும் ஓர் ஏட்டை வெளியிட்டது. அக்கேள்வி பழையதாகிவிடவில்லை. காணியும் வீடும் கொடுப்பது அரசின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை. வீட்டுத்திட்டங்களில் அறைகளின் தொகையைக் குடும்பத்தின் தொகையோடு பொருத்திப் பார்க்கும்படி நாம் வலியுறுத்த வேண்டும்.

ஆனால் அதுவரை பிள்ளை வளராமல் காத்திராது. நெரிசலான குடியிருப்புகள் வேரற்ற உணர்வையும் வன்முறையையும் தூண்டக்கூடும் என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் எழுதினார். அங்கேயே, அன்பு அதிலும் வலியது என்றும், அயலவரின் நெருங்கிய உறவு மூச்சுமுட்டலைத் தணிக்கும் என்றும் குறிப்பிட்டார். அந்த உறவுக்கு வீடு பெரிதாக இருக்கத் தேவையில்லை.

பெற்றோரே, உங்களைக் குற்றஞ்சாட்டி இதை எழுதவில்லை. இடத்தைக் கொடுக்க முடியாவிட்டால் நேரத்தைக் கொடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் நிறுத்தினால் வீடு பெரிதாகும். ஒரு பெட்டியோ ஒரு தட்டோ, பிள்ளைக்கென்று ஒதுக்கி, அதை மற்றவர் தொடலாகாது என்று சட்டம் வையுங்கள். வளரும் பெண்பிள்ளைக்கு ஒரு சேலையையேனும் திரையாகக் கட்டிக் கொடுங்கள். பலர் முன்னிலையில் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒதுங்க இடமில்லாத பிள்ளைக்கு அவமானத்தை மறைக்கவும் இடமில்லை. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் குடும்பங்கள், வளவைத் துண்டாடுமுன் மிஞ்சும் முற்றத்தையும் எண்ணிப் பாருங்கள்.

கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு முன் விறாந்தையில் இரண்டு வாங்குகளும் ஒரு விளக்கும் போட்டு வைத்திருக்கிறார். மஃரிப் தொழுகைக்குப் பின் அயற்பிள்ளைகள் வந்திருந்து படிக்கிறார்கள். "நான் ஒன்றும் படிப்பிக்கிறதில்லை சுவாமி, இடம் மட்டும்தான் கொடுக்கிறேன்" என்றார் என்னிடம்.

அவர் அப்படிச் சொன்னபோது நான் வெட்கப்பட்டேன். எங்கள் பங்கு மண்டபம் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டியே கிடந்தது. அதுமட்டுமன்று. கோவில் முற்றத்தில் பந்தடித்த பிள்ளைகளைச் சத்தம் அதிகம் என்று கலைத்து அனுப்பியவனும் நானேதான். அவர்களில் அந்தப் பையனும் இருந்தான் என்பது பின்னர் தெரிந்தது. பெத்லகேமில் இடமில்லை என்று சொன்னவர்களைப் பற்றி ஆண்டுதோறும் பிரசங்கிக்கும் நான், என் சாவிக்கொத்தைப் பார்க்கவில்லை.

இப்போது வாரத்தில் மூன்று மாலைகள் மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம். முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். அந்தப் பையனும் வந்தான். கொப்பியை விரித்தான், சற்று நேரம் எழுதினான், பிறகு மேசையில் தலைவைத்து நித்திரையாகிவிட்டான். பொறுப்பாயிருந்த இளைஞர் எழுப்பப் போனார். வேண்டாம் என்று கைகாட்டினேன். ஒரு மணி நேரம், யாரும் மிதிக்காமல், யாரும் அழாமல், அவன் நிம்மதியாக உறங்கினான்.

அன்பு வாசகர்களே, உங்கள் பிள்ளையோ அயலவரின் பிள்ளையோ இன்று குழப்படி செய்தால், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்குமுன், உனக்கு எங்கே இடமிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், நம்மிடம் பூட்டிக் கிடக்கும் கதவு எது என்று தேடுவோம்.